மூன்று மாத வீடு

ஃபோர்மன் படகிலிருந்து இறங்கி, மேட்டுத் தெருவில் பெட்டியை இழுத்துக்கொண்டு, மூச்சு வாங்க மாடி ஏறி வந்தபோது, அவர் மனைவியின் பெட்டி கதவோரம் தயாராக நின்றது. அவளுக்கு மறுநாள் காலையில்தான் படகு. ஆனாலும் பெட்டி மட்டும் முந்தின நாளே வாசலுக்கு வந்துவிடும். இவர் பெட்டி உள்ளே போகும், அவள் பெட்டி வெளியே போகும். மூன்று வருடமாக இந்த வீட்டில் இதுதான் நடைமுறை.

"வந்துட்டீங்களா" என்றாள்.

"ம்" என்றார். நலம் விசாரிப்பு அத்தோடு முடிந்தது.

டீயைக் கையில் கொடுத்துவிட்டு, டியூட்டி மாறுகிறவர்கள் பொறுப்பை ஒப்படைப்பதுபோல, அவள் சார்ஜ் கொடுக்க ஆரம்பித்தாள். குளியலறைச் சுவருக்குள் எங்கோ குழாய் கசிகிறது, நாளைக் காலை பிளம்பர் வருகிறார், பேசியாகிவிட்டது. படுக்கையறை ஜன்னல் கொக்கி சரியாக விழுவதில்லை, காகிதத்தை மடித்துச் சொருகினால் நிற்கும். அடுப்பில் இடது பக்கம் பற்றுவதற்கு நேரமாகும், பதற வேண்டாம். பால் இருக்கிறது, ரொட்டி இல்லை. ஃபோர்மன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். தன் பங்குக்கு அவரும் ஊர் நிலவரத்தை ஒப்படைத்தார். மகளுக்கு முதுகுவலி தேவலை. பேத்தி பள்ளிக்கூடத்தில் எவனையோ கடித்துவிட்டாள், மிஸ் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார், இவள்தான் போய்ப் பேச வேண்டும். மாடி அறை மின்விசிறி கரகரவென்கிறது, புதிது வாங்கி வைத்திருக்கிறார், மாட்டுவதற்கு ஆள் சொல்ல வேண்டும். அவளும் தலையை ஆட்டினாள்.

டீ பாதி இருக்கும்போதே இரண்டு பக்கமும் சார்ஜ் முடிந்துவிட்டது. அதற்கு மேல் பேச இருவரிடமும் சரக்கு இல்லை. அவள் பாத்திரம் கழுவப் போனாள். அவர் கசிகிற சுவரைப் போய் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

இது இந்த வீட்டுக்கு வந்து பிடித்துக்கொண்ட பழக்கம் இல்லை, இரண்டு பேருக்கும் ரத்தத்தில் ஊறியது. அவர் மின்நிலையத்துக் கண்ட்ரோல் ரூமில் ஃபோர்மனாக இருந்தவர். அவள் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஆஸ்பத்திரியே அவளை சிஸ்டர் என்று கூப்பிடும். அவருக்கு நைட் ஷிப்ட் என்றால் அவள் காலை டியூட்டி கேட்டு வாங்குவாள். அவருக்குப் பகல் வந்தால் அவள் ராத்திரிக்கு மாற்றிக்கொள்வாள். இவர் செருப்பைக் கழற்றும்போது அவள் மாட்டிக்கொண்டிருப்பாள். வாசற்படியில் ஐந்து நிமிடம்: பால் காய்ச்சியாச்சு, பாப்பாவுக்கு லேசா காய்ச்சல், கேஸ் புக் பண்ணணும், துணி மாடியில காயுது. அந்த ஐந்து நிமிடம்தான் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை. குறை சொல்லக்கூடாது, மகளை ஒரு நாள்கூடப் பக்கத்து வீட்டில் விட்டதில்லை. எந்நேரமும் வீட்டில் ஓர் ஆள் இருக்கும். ஒன்றுதான் இருக்கும், அது வேறு விஷயம். மகள் வளர்ந்த பிறகு கேலியாகச் சொல்வாள், எங்கள் வீட்டில் அப்பாவையும் அம்மாவையும் சேர்ந்து பார்த்தால் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று அர்த்தம் என்று. இருவரும் சிரித்துவைப்பார்கள்.

ஓய்வு பெற்றதும் இந்தக் கடலோர ஊரில், அயல்நாட்டில், முதல் மாடியில் இரண்டு அறையும் ஒரு பால்கனியுமாக இந்த வீட்டை வாங்கினார்கள். பால்கனியில் நின்றால் துறைமுகம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். வாங்கிய அன்றைக்கே ஃபோர்மன் இரண்டு நாற்காலி கொண்டுவந்து பால்கனியில் போட்டார். "இனிமே நமக்கு ஷிப்ட் கிடையாது" என்றார். அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் அதற்கு முன் பார்த்ததாக நினைவில்லை. பார்க்கிற நேரத்தில் அவர் கண்ட்ரோல் ரூமில் இருந்திருப்பார்.

வீட்டில் பெயிண்ட் வாசனை போவதற்குள் சட்டம் வந்துவிட்டது. வெளிநாட்டார் யாராக இருந்தாலும், சுற்றிப் பார்க்க வந்தவரோ சொந்த வீடு வைத்திருப்பவரோ, ஆறு மாதத்தில் மூன்று மாதத்துக்கு மேல் இங்கே தங்கக்கூடாது. ஊர்க்காரர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. பாதித் தெருவை வெளியார் வாங்கிப் போட்டுவிட்டார்கள், உள்ளூர்ப் பிள்ளைகள் கல்யாணமானால் வாடகைக்கு ஓர் அறை கிடைக்காமல் அல்லாடின. வெளியார் புலம்பினார்கள், மனுக் கொடுத்தார்கள், ஒருவர் கோர்ட் வரைக்கும் போய்த் தலைகுனிந்து வந்தார். கடைசியில் எல்லோரும் அடங்கிப்போய், ஜோடியாக வந்தார்கள், மூன்று மாதம் இருந்தார்கள், வீட்டைப் பூட்டிக்கொண்டு ஜோடியாகவே திரும்பிப் போனார்கள்.

நம்முடைய ஜோடி அப்படிச் செய்யவில்லை. இவர்களுக்குப் பிரச்சினை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் தீர்ந்துபோனது. நீ இங்கே இருக்கும்போது நான் ஊரில், நான் இங்கே இருக்கும்போது நீ ஊரில் என்றார் ஃபோர்மன். வீடு ஒரு நாள்கூடக் காலியாகக் கிடக்காது. மகளுக்கும் எப்போதும் ஒரு துணை இருக்கும் என்றாள் அவள். சட்டம் போட்டவனே இவர்களை மனதில் வைத்துக்கொண்டு போட்டான் என்று சொல்லும்படி கச்சிதமாகப் பொருந்தியது. இருவரும் அன்றைக்குப் பூரித்துப்போனார்கள். சில முட்டாள்தனங்கள் கெட்டிக்காரர்களுக்கு மட்டும்தான் கைவரும்.

முதலில் ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் ஒரு வாரம் சேர்ந்து இருந்தார்கள். அப்புறம் ஃபோர்மன் யோசித்துப் பார்த்தார். ஒரே நாளில் இரண்டு பேரும் இங்கே இருந்தால் இரண்டு பேர் கணக்கிலும் அந்த நாள் கழிகிறது, பின்னால் வீடு ஒரு நாள் ஆளில்லாமல் கிடக்கும், சுத்த வீண். வாரம் மூன்று நாளாயிற்று. மூன்று நாள் ஒரே ஒரு ராத்திரி ஆயிற்று. அவள் ஆட்சேபம் சொல்லவில்லை. கண்ட்ரோல் ரூமில் ஆட்சேபம் இல்லை என்றால் சம்மதம் என்று பொருள். வீட்டிலும் அப்படித்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ரத்த அழுத்த மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனார். கடைக்காரம்மா நல்ல மாதிரி, வாய்தான் கொஞ்சம் நீளம். மூன்று வருடத்தில் அந்த ஊர்ப் பேச்சு அவருக்கு ஓரளவு கைவந்திருந்ததால் எப்போது போனாலும் நாலு வார்த்தை பேசுவாள். மாத்திரையை உறையில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"உங்க முன்னாள் மனைவிக்கு முட்டி வலி பரவாயில்லையா? போன வாரம் களிம்பு வாங்கிட்டுப் போனாங்க."

"யாருக்கு?"

"மன்னிச்சுக்குங்க, பேசக்கூடாதுன்னா விட்டுடறேன். இங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. ஒரு வீடு, கோர்ட்ல சரிபாதியாப் பிரிச்சுக் குடுத்திருக்காங்க. மூணு மாசம் நீங்க, மூணு மாசம் அவங்க. ஒரு நாளாவது உங்க வீட்லேர்ந்து சத்தம் வந்திருக்குமா? எங்க அக்காவும் அவ புருஷனும் பிரிஞ்சு எத்தனையோ வருஷம் ஆச்சு, இன்னும் ஒரு பழைய காருக்கு அடிச்சுக்கறாங்க. பிரிஞ்சா இவங்களை மாதிரிப் பிரியணும்னு நான் உங்களைத்தான் உதாரணம் காட்டுவேன்."

இல்லம்மா, அவ என் பெண்டாட்டி என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். ஃபோர்மன் அந்த நாலு வார்த்தையைச் சொல்லவில்லை. மாத்திரையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நன்றி என்று வேறு சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. துறைமுகம் வரை இறங்கினார், மறுபடி மேட்டில் ஏறினார், அடுத்த தெருவில் புகுந்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். கோபம் தலைக்கேறியது. பொழுது போகாத சனங்கள், அடுத்த வீட்டுக் கதவைப் பார்த்தே காலம் தள்ளுகிறவர்கள் என்று முனகினார். நாளைக்கே அந்தக் கடைக்காரம்மாவிடம் போய் இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். பெண்டாட்டிதான் என்பதற்கு என்ன அடையாளம் என்று அவள் கேட்டால்? அவர்கள் இருவரும் சேர்ந்து கடைக்குப் போனதை யாராவது பார்த்ததுண்டா? ஒரு கோப்பை காப்பி எங்காவது சேர்ந்து குடித்ததுண்டா? இந்தத் தெருவில் பக்கத்தில் பக்கத்தில் நடந்ததாவது உண்டா?

திரும்பும் வழியில் மற்ற வெளியார் வீடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாம் பூட்டிக் கிடந்தன. ஜன்னல் பலகைகள் இறக்கியிருந்தன. ஒரு மாடியில் பூந்தொட்டிச் செடி காய்ந்து சருகாகியிருந்தது. அவ்வளவுதான் நஷ்டம். எந்த வீடும் இடிந்து விழவில்லை. எந்த வீட்டையும் யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. மூன்று வருடமாக இந்த வீடுகளைத் தாண்டித்தான் ரொட்டி வாங்கப் போய்க்கொண்டிருக்கிறார், ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவள் சமையல் மேடையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் கூடத்துக்கும் சமையல் மேடைக்குமாக நடந்தார். திறக்க வேண்டாத அலமாரியைத் திறந்து மூடினார்.

"ஏன் குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தறீங்க?" என்றாள்.

"அந்த மருந்துக்கடைக்காரம்மா நம்மளைப் பத்தி என்ன சொல்லிக்கிட்டுத் திரியுது தெரியுமா?"

"தெரியும்."

அவர் நின்றார். அவள் கத்தி நிற்கவில்லை. போன வருடமே தெரியும் என்றாள். காலையில் கடற்கரையில் நடக்கப் போகிற பெண்கள் கூட்டத்தில் அவளையும் சேர்த்துக்கொண்டார்கள், அங்கேதான் பேச்சு வந்தது. தனியாக இருக்கிற பெண் என்று பாவம் பார்த்துத்தான் சேர்த்துக்கொண்டார்கள் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள்.

"நீ இல்லன்னு சொல்லலையா?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்படின்னா ஏன் ரெண்டு பேரும் சேர்ந்து வர்றதே இல்லைன்னு கேட்டாங்க. வீட்டைப் பாத்துக்க ஆள் வேணும்னு சொன்னா சிரிப்பாங்களேன்னு பேசாம இருந்துட்டேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எப்ப சொல்றது? நீங்க வந்தா குழாய், அடுப்பு, பால். அதுக்குள்ள எனக்குப் படகு வந்துடும்."

கோபப்படுவது ஒன்றுதான் அவருக்குச் சுலபமாக வந்தது. குரலை உயர்த்தினார். நாளைக்கே தெருத் தெருவாகப் போய்ச் சொல்லப்போவதாகச் சொன்னார். அவள் நறுக்கிய காயைப் பாத்திரத்தில் தள்ளிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் அவரை பயமுறுத்தியது.

"யார்கிட்டயும் போய் ஒண்ணும் சொல்லாதீங்க. யோசிச்சுப் பாத்தா அவங்க சொன்னதுல பெருசாத் தப்பு இல்ல. முதல்ல எனக்கு அழுகையா வந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு. இப்ப இப்படியே இருந்துரலாம்னு தோணுது. உங்களுக்கும் வசதி, எனக்கும் வசதி. இங்கயும் சரி, ஊர்லயும் சரி."

அவள் மிரட்டவில்லை. நோயாளியின் சொந்தக்காரர்களிடம் நிலைமையைப் பதறாமல் எடுத்துச் சொல்கிற சிஸ்டராகத்தான் பேசினாள். நாளைக் காலை இவள் படகேறினால் இனி எப்போதும் இப்படித்தான் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. போகாதே என்று சொல்ல முடியாது, சட்டப்படி நாளையோடு அவளுக்கு நாள் முடிகிறது. வேறு என்ன சொல்வது? உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று சொல்லலாம். தப்பு என்னுடையது என்று சொல்லலாம். இரண்டுமே நாக்கு வரை வந்தன.

"பிளம்பர் எத்தனை மணிக்கு வருவாரு?" என்றார்.

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள்.

"ஒன்பது மணிக்கு மேல" என்று சொல்லிவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காலையில் அவள் கிளம்பியபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறைமுகம் வரை போக வேண்டும் என்று அவருக்கு மனசு அடித்துக்கொண்டது. பத்து நிமிட நடை. ஆனால் பிளம்பர் முன்னாடியே வந்துவிட்டால்? அவர் தயங்கி நிற்பதைப் பார்த்து அவளே சொல்லிவிட்டாள், நீங்கள் இருங்கள், வீட்டில் ஆள் வேண்டும் என்று. "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்றார். எப்போதும் சொல்வதுதான். அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். கீழ்க் கதவு சாத்தும் சத்தம் வரும்வரை அவர் மாடிப்படியில் நின்றார்.

பிளம்பர் சொன்ன நேரத்துக்கு வந்து குளியலறைக்குள் புகுந்தார். டொக் டொக்கென்று ஓடு உடைக்கும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. ஃபோர்மன் அவர் பின்னால் போய் நின்று பார்த்தார். பிறகு பால்கனிக்கு வந்தார். மறுபடி குளியலறைக்குப் போனார். பால்கனியிலிருந்து துறைமுகம் தெரிந்தது. வெள்ளைப் படகு வந்து நின்றிருந்தது. கரையில் வரிசை வளைந்து நீண்டிருந்தது. வரிசையின் பின்பாதியில் மஞ்சள் பெட்டி ஒன்று, அதன் மேல் உட்கார்ந்து ஒரு பெண் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். முகம் தெரியாவிட்டாலும் அவள்தான். வரிசை நகரும்போதெல்லாம் எழுந்து, பெட்டியை இரண்டடி தள்ளி, மறுபடி உட்கார்ந்தாள்.

அவருக்கும் உட்கார வேண்டும்போல இருந்தது. வழக்கம்போலக் கடலைப் பார்த்த நாற்காலியை இழுத்தார். அதன் பின்னல் நடுவில் தொய்ந்து, கைப்பிடியில் சாயம் போயிருந்தது. பக்கத்து நாற்காலி கடையிலிருந்து வந்தபடியே இருந்தது, காலில் சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் பிரிக்கவில்லை. அவருக்குப் புரிவதற்குச் சற்று நேரம் பிடித்தது. அவர் இங்கே இருக்கும்போது இதில் உட்கார்ந்தார். அவள் இங்கே இருக்கும்போது அவளும் இதிலேயே உட்கார்ந்தாள். இரண்டு பேரும் மாறி மாறித் தேய்த்தது ஒரே நாற்காலியை. இரண்டாவது நாற்காலிக்கு இந்த மூன்று வருடத்தில் வேலையே வரவில்லை.

அவர் உட்காரவில்லை. அவளை இழந்துவிடுவோமோ என்ற பயம் ராத்திரி முழுக்க இருந்ததுதான். அதற்கு அடியில் இன்னொரு பயம் கிடந்தது, அதை இப்போதுதான் கண்டுகொண்டார். காலையிலிருந்து இரவு வரை அவள் எதிரே உட்கார்ந்திருந்தால் என்ன பேசுவது? வாசற்படியில் ஐந்து நிமிடம் பேசத் தெரியும். ஆறாவது நிமிடத்துக்கு அவரிடம் ஒன்றும் கிடையாது. வீட்டுக்கு ஆள் வேண்டும், வீட்டுக்கு ஆள் வேண்டும் என்று அவர் இத்தனை நாள் ஓடி ஒளிந்தது அந்த ஆறாவது நிமிடத்திலிருந்துதான்.

கீழே வரிசை பாதியாகக் குறைந்திருந்தது. மஞ்சள் பெட்டி படகுத்துறைக் கதவுக்குப் பக்கத்தில் போய்விட்டது.

"சார்" என்று பிளம்பர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். சுவருக்குள் குழாய் நெடுக அரித்துப்போயிருக்கிறது, புதிது வரவழைக்க வேண்டும், அதுவரை குளியலறைத் தண்ணீரை மட்டும் நிறுத்திவைக்கலாமா என்று கேட்டார்.

"மொத்தமா நிறுத்திடுங்க" என்றார் ஃபோர்மன்.

"மொத்தமா நிறுத்திட்டா நீங்க எப்படி சார் இருப்பீங்க?"

"நான் இருக்கப் போறதில்ல. மூணு மாசத்துக்கு யாரும் இருக்கப் போறதில்ல."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே காதில் விழுந்தது. அதற்கப்புறம் அவர் நிற்கவில்லை. நேற்று வந்த பெட்டி பிரிக்காமலே கிடந்தது நல்லதாகப் போயிற்று. பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். கேஸை மூடினார். பாலை எடுத்துப் பிளம்பர் கையில் கொடுத்தார், அந்த மனிதர் ஒரு கையில் உளியும் ஒரு கையில் பாலுமாக விழித்தார். சாவியை மேஜை மேல் வைத்து, வேலை முடிந்ததும் கீழ்வீட்டில் கொடுத்துவிடச் சொன்னார். மூன்று வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்த வீட்டை, பேர்கூடத் தெரியாத ஆளிடம் விட்டுவிட்டுப் பெட்டியோடு வாசலுக்கு வந்தவர், கதவருகே மெயின் சுவிட்ச் முன்னால் நின்றார். வாழ்நாள் முழுக்க யார் வீட்டிலும் கரண்ட் போய்விடக்கூடாதே என்று ராத்திரி கண்விழித்த மனிதர். கை ஒரு முறை பின்வாங்கியது. பிளம்பரிடம் வேலைக்கு வெளிச்சம் போதுமா என்று கேட்டார். ஜன்னல் வெளிச்சம் போதும் என்றார் அவர். ஃபோர்மன் சுவிட்சைக் கீழே இறக்கினார். குளிர்பெட்டியின் உறுமல் நின்று வீடு அமைதியானது.

மேட்டுத் தெருவில் அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து மருந்துக்கடைக்காரம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். நின்று பதில் சொல்ல நேரமில்லை. டிக்கெட் ஜன்னலில் கடைசி ஆளாக ஒரு சீட்டு வாங்கினார். பாஸ்போர்ட் கவுண்டரில் அவருக்கு முன்னால் ஒரு குடும்பம் நின்றது, அந்தக் குழந்தை தன் பாஸ்போர்ட்டைத் தானே கொடுப்பேன் என்று அடம் பிடித்தது. வெளியே படகு ஒரு முறை ஊதியது. ஃபோர்மன் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார்.

கவுண்டரில் இருந்தவள் இளவயதுக்காரி. அவருடைய பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டினாள். நாள் கடந்தும் தங்குகிறவர்களைப் பிடிப்பதற்குத்தான் அவளை அங்கே உட்கார வைத்திருந்தார்கள். நாள் இருக்கும்போதே ஓடுகிறவனை என்ன செய்வதென்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

"நேத்துதானே வந்திருக்கீங்க?"

"ஆமா."

"இன்னிக்கே கிளம்பறீங்க. ஏதாவது பிரச்சினையா?"

"என் பெண்டாட்டிக்கு நாள் முடிஞ்சிடுச்சு."

"உங்களுக்கு முடியலையே" என்றாள் அவள், தெரியாதவருக்கு எடுத்துச் சொல்கிற பொறுமையோடு. "நீங்க தாராளமா மூணு மாசம் இருக்கலாம். சட்டம் ஒண்ணும் உங்களைப் போகச் சொல்லல."

"அவ இல்லாம எனக்கு எதுக்கும்மா அந்த நாளு?"

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார். அந்த ஊரில் யாரிடமாவது அவர் என் பெண்டாட்டி என்று சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. அந்தப் பெண் அவரை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு முத்திரையைக் குத்தி பாஸ்போர்ட்டை நீட்டினாள்.

ஏறும் பலகையை இழுக்கப் போன ஆள் இவருக்காக நிறுத்தினான். மேல் தளத்தில் தேடினார், இல்லை. கீழ்த் தளத்தில் கடைசி வரிசையில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்து இருக்கையில் மஞ்சள் பெட்டியை ஏற்றி வைத்திருந்தாள். ஃபோர்மன் வியர்வை வழிய எதிரே போய் நின்றார். அவரைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. பாதி எழுந்துவிட்டாள்.

"என்னாச்சு? வீட்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"பிளம்பர் வரலையா?"

"வந்தாரு. சாவியைக் குடுத்துட்டேன். தண்ணி, கேஸ், மெயின், எல்லாத்தையும் மூடிட்டேன். வீட்ல யாரும் இல்ல."

இந்த வார்த்தையை அவள் அவர் வாயிலிருந்து கேட்டதே இல்லை. நின்றபடியே அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஜுரம் கண்டவர்களைப் பார்த்துப் பழகிய பார்வை. அவர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாளோ என்றுகூட அவருக்குத் தோன்றியது. அவள் தொடவில்லை. பெட்டியை இருக்கையிலிருந்து இறக்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் உட்கார்ந்தார். படகு கரையை விட்டு விலகியது. அவள் ஊர் நிலவரம் நேற்றே வாங்கிவிட்டாள். வீட்டு நிலவரம் என்று ஒன்று இனி இல்லை. எழுந்து மேல் தளத்துக்குப் போய் வரலாமா, அவளுக்கு ஒரு காப்பி வாங்கி வரலாமா, ஜன்னல் கண்ணாடி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்கலாமா என்று அவர் மனது நாலா பக்கமும் ஓடியது. இருக்கையின் விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.

"என்கிட்ட என்ன பேசறதுன்னு உங்களுக்குத் தெரியல. அதானே?" என்றாள் அவள்.

"ஆமா" என்றார். "பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றாள்.

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள் என்று அவர் நினைத்தார். அவள் திரும்பவில்லை.